ஏரி மண் லாரியில் போகுது, நம்ம வயல் காயுது!



தண்ணி நிற்கிற தாழ்வான நிலத்தை மேடாக்கி மனை போட மண் வேணும். அது வானத்திலிருந்தா வருது? நம்ம ஏரியிலிருந்து டிப்பர் டிப்பராகப் போகுது. கேட்டால், "தூர் வாருகிறோம், உங்களுக்கு நல்லதுதானே" என்கிறார்கள்.

தூர் வாருவதை நாம் எதிர்க்கவில்லை. 2017-ல் ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்கலாம் என்று அரசு சொன்னபோது வரவேற்றோம். வண்டல் வயலுக்கு உரம். இவர்கள் அள்ளுவதோ அதற்கும் அடியிலுள்ள சவுடு. மதகுக்குக் கீழே பத்தடி தோண்டினால், அந்தப் பள்ளம் நிறைந்தாலும் தண்ணி வயலுக்கு ஏறாது. மோட்டார் வைத்து இறைக்கிற செலவு யார் தலையில்?

கொட்டுகிற இடத்திலும் கேடுதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கிக் கட்டடம் கட்டினார்கள். 2015-லும் 2023-லும் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தும், கொட்டிய மண் கொட்டியதுதான்.

நாம் கேட்பது இதுதான்: மதகின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு கூடை மண்ணும் எடுக்காதே! எத்தனை யூனிட் எடுத்தாய், எங்கே கொட்டினாய், கிராம சபையில் கணக்கு வை!

அதுவரை ஏரிக்கரையை விட்டு நகர மாட்டோம்!