சிறுநீரகம் மாற்றிய பின் சர்க்கரையும் இருதயமும்
(நமது சங்கத்தின் மயிலாப்பூர்க் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றொருவர் உடலில் பொருத்தும் ரண சிகிச்சை சென்னைவாசிகளுக்கு இன்று புதுமையன்று. 1954-ம் வருஷம் டிசம்பர் மாதம் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்னும் வைத்தியர், இரட்டையர் இருவரிடையே அதைச் செய்து வெற்றி கண்டார். 1971-ல் நம் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியிலும் அது நிறைவேறிற்று. ஆகையால் சிகிச்சையைப் பற்றி நான் விஸ்தரிக்கப் போவதில்லை. அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

டயாலிசிஸ் நின்றதும் கண்டம் தாண்டிற்றென்று நம்மவர் மகிழ்கின்றனர். கபாலீசுவரர் சந்நிதியில் அர்ச்சனை செய்வித்து, பந்துக்களை அழைத்துச் சர்க்கரைப் பொங்கலும் பாயசமுமாக விருந்திடுகின்றனர். அர்ச்சனைக்கு நான் விரோதியல்லேன், விருந்துக்குத்தான் விரோதி.

அந்நியர் உறுப்பை நம் தேகம் ஏற்காமல் எதிர்க்கும். பாஸ்டன் இரட்டையர் ஒரே கருவில் தோன்றியவராதலால் அவ்வெதிர்ப்பு எழவில்லை. மற்றையோர் அதை அடக்கும் மருந்துகளைச் சிறுநீரகம் வேலை செய்யும் காலமெல்லாம் உட்கொள்ள வேண்டும். அவற்றுள் டாக்ரோலிமஸ், கணையத்தில் இன்சுலின் சுரப்பதைக் குறைக்கிறது. பிரெட்னிசோலோன், சுரந்த இன்சுலினும் பயன்படாதபடி செய்கிறது. இதனால் முன்பு நீரிழிவே இல்லாதவர்க்கும் அது புதிதாக உண்டாகலாம். நம் கோபாலபுரத்து ஆராய்ச்சியாளர் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவுடையோர் 10.1 கோடிப் பேர். அத்தகைய தேசத்தில் இம்மருந்துகள் ஈர விறகில் அல்ல, காய்ந்த விறகிலேயே விழுகின்றன.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. பிரெட்னிசோலோனைக் காலையில் உண்பது வழக்கம். அதனால் ஏறும் சர்க்கரை பிற்பகலிலும் மாலையிலும் உச்சமடைந்து, மறுநாள் விடியுமுன் பெரும்பாலும் இறங்கிவிடும். நம்மவரோ வெறும் வயிற்றோடு விடியற்காலையில் லஸ் முனைக்குச் சென்று ரத்தம் கொடுத்து, ‘நார்மல்’ என்ற சீட்டைப் பெற்றுத் திருப்தியுடன் திரும்புகின்றனர்! பகலுணவுக்கு இரண்டு மணி கழித்தும், இரவுணவுக்கு முன்னும் பார்த்தாலன்றி உண்மை வெளிப்படாது. மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையும், ரத்தசோகை தெளிந்து புது ரத்தம் ஊறும் முதற் சில மாதங்களில் நம்மை ஏமாற்றக்கூடும்.

இனி இருதயம். சிறுநீரகம் கெட்டிருந்த வருஷங்களிலேயே ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து, இருதயச் சுவர் தடித்திருக்கும். புதுச் சிறுநீரகம் அவ்வளவையும் நீக்கிவிடாது. மருந்துகளோ ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் ஏற்றுகின்றன. பொருத்திய சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பால் மாண்டவர் பலர். நீரிழிவுடையோர்க்கு மார்வலியே தோன்றாமல், மூச்சுத் திணறலும் வியர்வையும் களைப்பும் மட்டுமே அதன் அறிகுறியாக வரலாம். அதை வாயுத் தொல்லையென்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்திருப்பது பெருந்தவறு.

இதைக் கேட்டு, மருந்தே சர்க்கரைக்குக் காரணமென்று எவரும் அதை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடும். அளவை மாற்றுவது வைத்தியர் பொறுப்பு. பம்பளிமாஸ் பழத்தையும் விலக்குங்கள். அது டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் மிகுவிக்கும். நாட்டு மருந்தை வைத்தியரைக் கேளாமல் தொட வேண்டாம். நாகேசுவர ராவ் பூங்காவோ பனகல் பூங்காவோ அருகிலிருக்க, நடப்பதற்கு இடமில்லையென்று சொல்ல நியாயமில்லை. ஆனால் முதற் சில மாதங்கள் அறுபத்துமூவர் உற்சவ நெரிசலில் புகாதிருத்தல் நலம்; தொற்று எளிதில் பற்றும்.

நம் சங்கத்தின் வைத்திய உதவி நிதி, சிகிச்சைக்கென ஒரே தடவை பணம் வழங்குகிறது. மாதாமாதம் வேண்டிய பரிசோதனைக்கும் மருந்துக்கும் ஏதுமில்லை. பணமின்றி மாத்திரையைப் பாதியாக்கி உண்போர் நம்முள் இருக்கலாம். வெட்கத்தால் அவர்கள் சொல்வதில்லை. நிதியில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குமாறு நிர்வாக சபையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சிறுநீரகம் ஈந்தவரையும் அத்திட்டத்தில் சேர்க்க வேண்டும். நம் தேசத்தில் உயிரோடிருந்து ஈபவர் பெரும்பாலும் தாயோ மனைவியோதான். கணவருடைய மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கும் அந்த அம்மாள், தம் ரத்த அழுத்தத்தை எப்போது பார்த்துக்கொண்டாரென்று கேட்டால் சிரித்து மழுப்புகிறார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழும் அவருக்கும் வருஷந்தோறும் அழுத்தம், சர்க்கரை, சிறுநீர் ஆகிய மூன்றும் பார்த்தாக வேண்டும். அச்செலவையும் நிதியே ஏற்கட்டும்.