திரைக்கு மருந்தாகும் வானொலி அலை

தமிழிலே ‘திரை’ என்னும் சொல்லுக்குக் கடலலை என்பது ஒரு பொருள். முதுமையிலே தோலில் விழும் சுருக்கம் என்பது மற்றொரு பொருள். நரை, திரை, மூப்பு என்று முன்னோர் அடுக்கிச் சொன்ன மூன்றனுள் நரைக்குச் சாயம் கண்டு நெடுங்காலமாயிற்று. திரைக்கோ, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே அலையையே மருந்தாகக் கொண்ட ஒரு சிகிச்சை வந்து சேர்ந்தது. அந்த அலை, வானொலி நிகழ்ச்சியை வீட்டுக்கு வீடு கொண்டுவரும் அலையின் இனத்தைச் சேர்ந்தது.

கொழும்பு நகரத்துத் தோல் அழகுச் சிகிச்சை நிலையங்களின் விளம்பரங்களிலும் இதனை இன்று காணலாம். கத்தி இல்லை, தையல் இல்லை, படுக்கையிற் கிடக்க வேண்டியதில்லை என்கின்றன அவை. இம்மூன்றும் பெரும்பாலும் மெய்யே. ஆயினும் இச்சிகிச்சைக்குச் செல்பவர் தாமே செய்யவேண்டிய ஒரு பணி உண்டு. அதனை விளம்பரம் சொல்வதில்லை. சுடுகிறதென்றால் சுடுகிறது என்று உடனே வாய்திறந்து சொல்லுவதுதான் அப்பணி. அஃது ஏன் இத்துணை முக்கியமானது என்பது, இந்த வெப்பம் எங்கே, எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தாற்றான் விளங்கும்.

வீட்டு மின்சாரம் உடலிலே பாய்ந்தால் தசைகள் இழுபடும், உயிரும் போகலாம். அது செக்கனுக்கு 50 முறை அலையும் ஆடலோட்டம். இந்த எண்ணிக்கையைப் பல்லாயிரமாக உயர்த்தினால் என்ன நிகழும்? பிரான்சு நாட்டு உடற்றொழிலியல் அறிஞர் ஆர்சன் தார்சோன்வால் 1891ஆம் ஆண்டளவில் இக்கேள்விக்கு விடை கண்டார். செக்கனுக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் அலையும் மின்னோட்டம் தசைகளை இழுப்பதில்லை. உடலினுள்ளே சூட்டை மட்டும் எழுப்புகிறது. தம் உடலூடாகவே அத்தகைய மின்னோட்டத்தைச் செலுத்தி ஒரு விளக்கை எரியச் செய்தும் அவர் காட்டினார். பின்னர் ஜேர்மனியில் கார்ள் நாகல்ஷ்மிட் என்னும் வைத்தியர், ‘ஊடுருவும் வெப்பம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் இதற்கு ‘டயதேர்மி’ என்று பெயரிட்டார். மூட்டு வலிக்கும் தசை வலிக்கும் இம்முறை பயன்பட்டது. 1926ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி போஸ்ரன் நகரிலே, வில்லியம் போவி அமைத்த கருவியைக் கொண்டு ஹார்வி குஷிங் என்னும் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர், தலையிலிருந்த ஒரு கட்டியை அகற்றினார். இரத்தப் பெருக்குக்கு அஞ்சி அவர் சில நாட்களுக்கு முன்னர் பாதியிலே விட்ட கட்டி அது.

வானொலிக்கும் இந்த வைத்தியத்துக்கும் ஒருகாலத்திற் பிணக்கும் இருந்தது. வைத்தியரின் டயதேர்மிக் கருவி இயங்கினால் சுற்றுப்புறத்து வானொலிகள் இரையும். ஈற்றில், 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் அத்திலாந்திக் நகரிலே கூடிய சர்வதேச வானொலி மாநாடு, கைத்தொழில், விஞ்ஞான, மருத்துவக் கருவிகளுக்கெனச் சில மீடிறன்களை ஒதுக்கிக் கொடுத்தது. அவற்றுள் ஒன்றான 27.12 மெகா ஹேர்ட்ஸ், கொழுப்பைக் குறைக்கும் இன்றைய கருவிகள் சிலவற்றிலும் பயன்படுகிறது. முகத்தோலை இறுக்கும் கருவிகளுட் பெயர்பெற்ற ஒன்று 6.78 மெகா ஹேர்ட்ஸில் இயங்குகிறது. அலைநீளமாகச் சொன்னால் ஏறத்தாழ 44 மீற்றர். சிற்றலை வானொலியின் முள்ளைத் திருப்பிப் பழகிய மூத்த நேயர்களுக்கு, 49 மீற்றர் வரிசையை அண்டிய இடம் என்றால் உடனே புரியும்.

இனித் தோலுக்கு வருவோம். மேற்றோலுக்குக் கீழேயுள்ள உட்டோலிலே கொலாஜன் என்னும் புரத நார்கள் பின்னிக் கிடக்கின்றன. மூன்று புரிகளை முறுக்கித் திரித்த கயிறு போன்ற அமைப்பு. தோலின் உறுதி பெரும்பாலும் இவற்றாலாயது. வயது ஏற ஏற, வெயிலும் புகைத்தலும் சேரச் சேர, நார்கள் குறைந்து சிதைகின்றன, தோல் தளர்கிறது. மின்வாயைத் தோலில் வைத்து அலையைச் செலுத்தும்போது, இழையங்களின் தடையால் வெப்பம் உள்ளேயே பிறக்கிறது. வெளியிலிருந்து சூடு போடுவதாயின் மேற்றோல் முதலிற் கருகும். இங்கோ, மேற்றோலைக் குளிர்வித்துக் கொண்டே உட்டோலைச் சூடாக்கலாம். 60 பாகை செல்சியசை அண்டியதும் கயிற்றின் முறுக்கு அவிழ்ந்து நார் குறுகித் தடிக்கிறது. அதன் பின்னர் உடல் அவ்விடத்தைக் காயமென்று கருதிப் புதிய கொலாஜனை மாதக்கணக்கிலே உற்பத்தி செய்கிறது. லேசர் ஒளியைப் போல இது தோலின் நிறத்தை நம்பிச் செயற்படுவதில்லை. ஆதலால் எம்மவர் போன்ற கரிய, மாநிறத் தோலினருக்கும் நிறக்கேட்டு அச்சம் ஒப்பளவிற் குறைவு.

ஆனால் சில பாகை கூடினால் அதுவே சுட்ட புண். குறைந்தாலோ செலவழித்த பணம் வீண். உட்டோலின் வெப்பநிலையை நேரே அளப்பது எளிதன்று. பல கருவிகள் மேற்பரப்பின் சூட்டையே காட்டுகின்றன. இங்கேதான் நோயாளியின் நாக்கு வெப்பமானியாகிறது.

தேர்மாஜ் என்னும் கருவி, கண்ணைச் சுற்றிய சுருக்கங்களுக்கென 2002ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் அனுமதியைப் பெற்றது. ஆரம்பத்திலே உயர்ந்த சக்தியை ஒரே தடவையிற் செலுத்தினார்கள். வலி மிகுதி, அதனை மறைக்க விறைப்பு மருந்தும் கொடுத்தார்கள். வலி மறைந்ததே தவிரச் சூடு மறையவில்லை. சிலருக்குத் தோல் வெந்தது. சிலருக்குக் கீழுள்ள கொழுப்பு கரைந்து கன்னத்திலே குழி விழுந்தது. பின்னர் முறையை மாற்றினார்கள். சக்தியைக் குறைத்து, ஒரே இடத்திற் பல தடவை செலுத்தி, ‘சூடு எவ்வளவு?’ என்று ஒவ்வொரு முறையும் வினவி, விடைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் சென்றார்கள். தீங்கு குறைந்தது, பயனும் நன்றாயிற்று.

எம்மவரிடையே வைத்தியர் முன் வாய் திறவாமை ஒரு மரியாதையாகக் கருதப்படுகிறது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, ‘ஒன்றுமில்லை டொக்டர்’ என்று சொல்லும் அம்மாமார் எத்தனை பேர்! ஊசிக்கு அந்தப் பொறுமை நன்று. இங்கே அது கருவியை இயக்குபவரைக் குருடாக்கும் பொறுமை. மின்வாயின் ஒரு விளிம்பு தோலைவிட்டு எழுந்தாலும், மின்னோட்டம் எஞ்சிய பகுதியிற் குவிந்து சுடும். அதை முதலில் அறிபவர் படுத்திருப்பவரே. வினவப்படாதவிடத்தும் சொல்லலாம். சொன்னபின்னும் நிறுத்தாத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

உடலை ஒடுக்கும் சிகிச்சையில் வெப்பம் தணிவு, நேரம் நீளம். கொழுப்பு இழையத்தின் மின்தடை அதிகமாதலால் அங்கே சூடு கூடுதலாக ஏறுகிறது. 42 முதல் 45 பாகை வரையிலான சூட்டைப் பல நிமிடங்கள் நிலைநிறுத்தினால் கொழுப்புக் கலங்களுட் சில நலிந்து, பின்னர் மெல்ல மெல்ல இறந்து நீங்குகின்றன. இடுப்பளவு சிறிது குறையலாம். தராசு முள் அசையாது. உடற்பருமனுக்கு இது மருந்தென்று சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கு இச்சிகிச்சை ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் செய்வதில்லை. எலும்பிலே உலோகத் தகடு வைத்தவர்கள் அதனை முன்கூட்டியே கூறவேண்டும். நுண்ணிய ஊசிகளைத் தோலினுட் செலுத்தி, அவற்றின் வழியே அலையைப் பாய்ச்சும் முறையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். தீக்காயம், தழும்பு, கொழுப்பிழப்பு, நரம்புச் சேதம் முதலியன இம்முறையால் நேர்ந்ததாக முறைப்பாடுகள் கிடைத்ததையிட்டு, அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2025 ஒக்ரோபரிலே பொதுமக்களை எச்சரித்தது. வீட்டிற் செய்துகொள்ளும் காரியமன்று என்றும் அது கூறியது. கருவியைப் பிடிப்பவர் யார், அவர் இலங்கை மருத்துவச் சபையிற் பதிவுபெற்ற வைத்தியரா, அன்றி அவர் மேற்பார்வையில் இயங்குபவரா என்று கேட்பதில் அவமரியாதை எதுவுமில்லை.

பலன் எவ்வளவு? மிதமான தளர்ச்சிக்கு மிதமான இறுக்கம். பெருமளவு மெலிந்தபின் மடிந்து தொங்கும் வயிற்றுத் தோலை இந்த அலையால் மீட்க முடியாது. அதற்குச் சத்திரசிகிச்சையே வழி. பெற்ற இறுக்கமும் நிலையானதன்று. வயது தன் வேலையை நிறுத்துவதில்லை. புதிய கொலாஜன் உருவாக இரண்டு முதல் ஆறு மாதங்கள் செல்லும். ஆதலால் முதல் நாளே ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதங்களின் பின்னர் அதே ஒளியில் எடுத்த மற்றொரு படத்தை அருகில் வைத்துப் பார்த்தால், கண்ணாடி காட்டாத வேறுபாடு தெரியவரும். தெரியாமலும் போகலாம், அப்படியாயின், இரண்டாம் முறைக்குப் பணங்கட்டுமுன் அவ்விரு படங்களையும் வைத்தியரின் மேசைமேல் வைக்கலாம்.