கதாநாயகனுக்கு என்ன வேலை?



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பேராசிரியர் யாராவது வந்து பேசுவதுதான் வழக்கம். நான் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். நாவல் பற்றிப் பேச எனக்கு உள்ள ஒரே தகுதி, ராஜபாளையத்தில் அண்ணாச்சி நடத்திய வாடகை நூல்நிலையத்தில் நாலு வருஷம் சாயங்கால நேரத்தில் நோட்டு எழுதினேன் என்பது. சம்பளம் கிடையாது. எந்தப் புத்தகத்தையும் காசு கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், மறுநாள் திருப்பிவிட வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு.

பேசிக்கொள்ளாத நிபந்தனை ஒன்றும் இருந்தது. புத்தகத்தைத் திருப்பும்போது அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்பார். கதை எப்படி, நடை எப்படி என்றெல்லாம் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களை விசாரிக்கிற தோரணையில், "அவனுக்கு என்னப்பா வேலை?" என்பார். எவனுக்கு என்று முதல் தடவை விழித்தேன். கதாநாயகனுக்குத்தான். "வசதியானவன் அண்ணாச்சி" என்றால் விடமாட்டார். "வசதி எதுல வந்துச்சு? நிலமா, மில்லா, வட்டியா?" என்று அடுத்த கேள்வி விழும். பதில் இல்லையென்றால் அந்தப் புத்தகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அலமாரியில் செருகுவார். அந்தக் கதாநாயகனுக்கு அவர் வீட்டில் பெண் கிடையாது.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே நாற்பது வருஷமாக நாவல் படித்திருக்கிறேன். சரித்திரம், துப்பறிதல், குடும்பம், விஞ்ஞானம், இலக்கியம் என்று எதையும் ஒதுக்கியதில்லை. இனி நான் சொல்வதெல்லாம் என் சொந்த அபிப்பிராயம். சண்டைக்கு வருகிறவர்கள் கூட்டம் முடிந்தபின் காபி குடிக்கும்போது வரலாம்.

முதல் நாவலிலேயே இந்தக் கேள்விக்கு வேடிக்கையான பதில் இருக்கிறது. 1879ல் அச்சான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப். அன்றாடம் கச்சேரிக்குப் போய் வழக்குக் கேட்டவர். அவர் படைத்த பிரதாபனுக்கோ சொல்லும்படி உத்தியோகம் ஒன்றும் இல்லை. பணக்காரப் பிள்ளை, பேசுகிறான், பயணம் போகிறான். கதையில் வேலைக்குப் போகிறவள் அவன் மனைவி ஞானாம்பாள். ஆண் வேஷம் போட்டுப் போய் ஒரு நாட்டுக்கு ராஜாவாகவே இருந்து நீதி பரிபாலனம் செய்கிறாள். அந்தப் பகுதியில்தான் நாவல் நிமிர்ந்து உட்காருகிறது என்பது என் கட்சி. முன்சீப்புக்குத் தெரிந்த வேலை அங்கேதான் உள்ளே வருகிறது.

சரித்திர நாவலுக்கு வருகிறேன். அண்ணாச்சியிடம் இருந்த பொன்னியின் செல்வன் கடையில் வாங்கியதல்ல. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாரவாரம் வந்ததை யாரோ கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்தது. மணியம் வரைந்த படங்கள் அப்படியே இருக்கும். பக்கத்தைத் திருப்பினால் பழைய விளம்பரம், அரை நகைச்சுவைத் துணுக்கு, அடுத்த பக்கத்தில் மீண்டும் தஞ்சாவூர்க் கோட்டை. புத்தகமாக வந்த பதிப்புகளில் எனக்கு இன்றும் ருசி குறைவாகத்தான் தெரிகிறது.

"வந்தியத்தேவனுக்கு என்ன வேலை?" என்று அண்ணாச்சி கேட்டபோது தயங்காமல் சொன்னேன்: "ஓலை கொண்டுபோகிற வேலை அண்ணாச்சி." அவருக்குப் பரம திருப்தி. கல்கியின் சாமர்த்தியம் அதில்தான் இருக்கிறது. ஐந்து பாகம் ஓடும் கதையின் நடுவில் ராஜகுமாரனை நிறுத்தாமல், குதிரையும் பசியுமாக அலைகிற ஒரு தபால்காரனை நிறுத்தினார். ஓலையைச் சேர்க்க வேண்டும் என்ற ஒரே காரணத்தால் அவன் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், எந்தச் சதியையும் ஒட்டுக் கேட்கலாம். பூங்குழலிக்குப் படகு. சேந்தன் அமுதனுக்குக் கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுக்கும் கைங்கரியம். எல்லாருக்கும் கையில் ஒரு காரியம் இருக்கிறது.

அதனாலேயே ஐந்தாம் பாகத்தில் எனக்கு மனத்தாங்கல். வந்தியத்தேவன் பாதாளச் சிறைக்குப் போனதும் அவன் வேலை நின்றுவிடுகிறது, கதையும் கொஞ்சம் நொண்டுகிறது. கடைசியில் சேந்தன் அமுதனைச் சிம்மாசனத்தில் ஏற்றுகிறார் கல்கி. எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் விடும் இடம் அது. எனக்கு மட்டும், நாளைக் காலையில் அந்தக் கோயிலுக்கு மாலை யார் கட்டுவார்கள் என்று இருந்தது. நல்ல பூக்காரன் ஒருவனை இழந்துவிட்டோம்.

சாண்டில்யனிடம் எனக்குப் பிடித்தது கப்பல்கள். கடல்புறாவில் மரக்கலத்தைப் பற்றி எழுதும்போது அவருடைய வாக்கியம் காற்றுப் பிடித்த பாய் மாதிரி விறைத்து நிற்கும். அந்தப்புரத்துக்குள் போனால் அதே வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடி ஒரு பெண்ணின் இடுப்பைக்கூடத் தாண்டாது. அந்தப் பக்கங்களைத்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் அதிகம் புரட்டினார்கள் என்பதற்குப் பிசுக்கேறிய ஓரங்கள் சாட்சி.

துப்பறியும் கதைக்குத் தமிழில் ஒரு சங்கடம் உண்டு. தனியார் துப்பறிவாளன் என்ற ஆளை நம் ஊரில் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆரணி குப்புசாமி முதலியார் காலத்திலிருந்து அவன் கடல் கடந்து வந்தவன்தான். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு மேஜையும் தேநீரும் உண்டு, பீஸ் கொடுத்தது யார் என்பதுதான் எனக்குப் பிடிபட்டதில்லை. தேவன் அந்தச் சங்கடத்தைச் சிரிப்பாக்கிவிட்டார். பாங்கிக் குமாஸ்தாவாக இருந்த அசடான சாம்பு தற்செயலாகவே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறார். அதை நாவல் என்பதைவிடக் கதைத் தொடர் என்பது பொருத்தம்.

இந்த முடிச்சை ஒழுங்காக அவிழ்த்தவர் சுஜாதா. 1968ல் குமுதத்தில் வந்த நைலான் கயிறு தொடங்கி அவர் கொண்டுவந்த கணேஷ் ஒரு வக்கீல். வக்கீல் நம் ஊரில் இருக்கிறார். அவரைத் தேடிக் கட்சிக்காரர் வருவார், வக்காலத்து போடுவார், போலீஸ் நிலையத்துக்குள் நுழையவும் அவருக்கு ஒரு காரணம் உண்டு. பின்னால் வந்து சேர்ந்த ஜூனியர் வசந்த், எந்த வக்கீல் ஆபீசிலும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பையன்தான். கொலைகாரன் யார் என்று தெரிந்தபிறகும் சுஜாதாவை இரண்டாம் தடவை படிக்க முடிகிறதென்றால் அந்த ஆபீசுக்காகத்தான்.

ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறு நாவல்களைத் தாண்டியவர். பஸ் ஏறும்போது வாங்கி இறங்குமுன் முடிக்கும்படி அளந்து எழுதுவது சின்னத் திறமை இல்லை. அந்தப் புத்தகங்களின் பெயர் எனக்கு நினைவில் நிற்பதில்லை, பயணங்கள் நிற்கின்றன.

விஞ்ஞானக் கதைக்கும் சுஜாதாவிடமே போக வேண்டியிருக்கிறது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். என் இனிய இயந்திராவில் சர்வாதிகாரி உண்டு, புரட்சிக்காரர்கள் உண்டு, நிலா என்ற பெண் உண்டு. ஆனாலும் நேர்மையாக வேலை பார்ப்பது ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி ஒன்றுதான். மற்றவர்கள் பேசுகிறார்கள், அது படித்து யோசித்துக் காரியத்தை முடிக்கிறது. விகடனில் வந்த காலத்தில் வாசகர்கள் அதைக் குழந்தை மாதிரி கொண்டாடியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இலக்கிய நாவல் என்று தனி அலமாரி அண்ணாச்சியிடம் கிடையாது. அகரவரிசையில் ஜானகிராமனும் மற்றவர்களோடு ஒருவராக நிற்பார். அவருடைய மோகமுள்ளை எல்லாரும் யமுனாவுக்காகப் படிக்கிறார்கள். நான் ரங்கண்ணாவுக்காகப் படிக்கிறேன். சங்கீதம் சொல்லிக்கொடுப்பது என்றால் என்ன, அதற்கு ஒரு மனுஷன் எத்தனை வருஷம் காதைத் தீட்ட வேண்டும் என்று அந்தக் கிழவரை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தவர். அவருடைய கரைந்த நிழல்கள் சினிமா பற்றிய நாவல்தான், ஆனால் நட்சத்திரம் தெரியாது. புரொடக்ஷன் மானேஜர் நடராஜன் விடியுமுன் எழுந்து கார்களுக்கும் ஆட்களுக்கும் அல்லாடுவது தெரியும். இத்தனை பேர் இவ்வளவு பாடுபட்டு எடுக்கிற படம் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று நமக்கே அலுப்பு வந்துவிடுகிறது. அந்த அலுப்பை எழுதுவது லேசான காரியம் இல்லை.

என் கணக்கில் முதல் இடம் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணிக்கு. 1972ல் வந்து, அதிகம் பேர் கண்ணில் படாமல் கிடந்த நாவல். சிங்கம்புணரிக்காரர், இளவயதில் மேடானுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்தவர், திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் இருந்தவர். ஜப்பானியர் படை, நேதாஜியின் ராணுவம், கள்ளக் கப்பல் எல்லாம் அதில் வருகின்றன. இருந்தாலும் எனக்கு மறக்காதது வட்டிக்கடை. முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அந்தக் கடைகளில் ஒவ்வொருவரும் உட்காரும் இடமே அவரவர் விதி. அங்கிருந்து எழுந்து துப்பாக்கி எடுக்கிற பாண்டியன் மனசுக்குள் மதுரைத் தெருக்களில் நடந்துகொண்டே இருக்கிறான். கணக்கு எழுதிப் பிழைத்த எனக்கு அவன் சொந்தக்காரன்.

பின்னாளில் படித்தவற்றில் இமையத்தின் கோவேறு கழுதைகள், 1994. வண்ணாத்தி ஆரோக்கியத்துக்குக் கூலி காசாக வருவதில்லை. களத்தில் அளந்து போடுகிற தானியம், வீடு வீடாக எடுக்கிற சோறு. அந்த அளவு வருஷத்துக்கு வருஷம் குறைவதைத்தான் நாவல் சொல்கிறது. இழிவு என்று நாம் நினைக்கும் வேலையை, அது கைநழுவும்போது ஒருத்தி இறுகப் பிடித்துக்கொள்கிறாள். அண்ணாச்சி அதைப் படிக்க இருக்கவில்லை. இருந்திருந்தால் கேள்வி கேட்டிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

அவர் கேள்வி செல்லாத இடங்களும் உண்டு. ஜே.ஜே: சில குறிப்புகளைப் பிரித்தவர் முப்பதாம் பக்கத்தில் மூடினார். "எழுதறவனாமே, அது ஒரு வேலையா?" என்றார். அவரோடு நான் சண்டை போட்ட ஒரே புத்தகம் அது. ஜே.ஜே. சோற்றுக்கு என்ன செய்தான் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஒரு மனிதன் நாள் முழுக்க யோசிப்பதையே கதையாக்கலாம் என்று அது காட்டியது. அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை, புத்தகத்தை எனக்கே கொடுத்துவிட்டார்.

அவரை வாயடைக்கச் செய்தவர் வேறொருவர். மில்லில் சைடு பார்த்த ஓர் அக்கா, ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சுத் தூசியோடு நேரே எங்களிடம் வருவார். ரமணிசந்திரன் தவிர வேறு எதையும் தொடமாட்டார். ஒருநாள் அண்ணாச்சி அவரிடமும் கேட்டுவிட்டார். கம்பெனி நடத்துகிறான் என்றார் அக்கா. என்ன கம்பெனி, என்ன சரக்கு என்று இவர் விசாரிக்க, அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"காலையில இருந்து நின்னுக்கிட்டே அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுட்டு வாரேன். கதையிலயும் ஒருத்தி முடிச்சுப் போட்டுக்கிட்டிருந்தா நான் எதுக்கு வாடகை குடுக்கணும்? அங்கயாவது யாரும் வேலை பாக்காம இருக்கட்டுமே."

அண்ணாச்சி பேசவில்லை. நான்தான் பெரிய மனுஷன் மாதிரி குறுக்கே போனேன். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய்ப் பார்த்து எழுதிய கரிப்பு மணிகளை எடுத்து நீட்டி, இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள் அக்கா, வாடகை வேண்டாம் என்றேன். வேண்டா வெறுப்பாக வாங்கிப் போனார். மூன்றாம் நாள்தான் கொண்டுவந்தார்.

"படிச்சியளா அக்கா?"

"படிச்சேன். உப்புத் தண்ணியில நின்னு காலு வெந்துபோறதும், வெயிலு கண்ணைக் குத்துறதும் அப்படியே எழுதியிருக்காக. எங்க லைன்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். உக்காந்து அழுதோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி தம்பி, அந்த ரமணிசந்திரன் புதுசு வந்துருச்சா? இன்னைக்கு அதைக் குடு."

நோட்டில் கரிப்பு மணிகளுக்கு நேரே வரவு வைத்து, அதன் கீழே புதுப் புத்தகத்தை எழுதினேன். வாடகைச் சில்லறையை அண்ணாச்சி வாங்கிக்கொள்ளவில்லை.