இருமலுக்கு நடுவே ஒரு பாட்டு



ஒரு பாடகர்மீது மக்கள் கொள்ளும் அன்பு எதனால் ஆனது? குரலினிமையால் என்று எளிதில் விடை சொல்லிவிடலாம். ஆனால் ஜிம்மி ராட்ஜர்ஸின் குரல் மெலிந்த குரல். சற்றே மூக்கொலி கலந்தது. தாளத்திற்கும் அவர் அவ்வளவாகக் கட்டுப்பட்டவர் அல்லர். அடிகளைத் தம் விருப்பம்போல் நீட்டுவார், குறைப்பார். உடன் வாசிப்பவர் திணறுவர். அத்தகைய ஒருவரையே அமெரிக்கக் கண்ட்ரி இசையின் தந்தை என்று அவ்விசையின் அன்பர்கள் போற்றி வருகின்றனர்.

1897இல் பிறந்த அவர், மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் நகரத்தவர். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். தந்தைக்கு ரயில்பாதைப் பராமரிப்பில் மேற்பார்வை வேலை. பாதை போடும் கறுப்பினத் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் சுமந்த அச்சிறுவன், அவர்களிடமிருந்தே பாட்டின் முதற்பாடத்தைக் கேட்டான் என்பர். பின்னர் அவரும் ரயிலில் பிரேக்மேன் ஆனார். 1924இல் என்புருக்கி நோய் கண்டது. உடல் உழைப்பு இனி இயலாது என்றானபின் எஞ்சியது பாட்டு ஒன்றே.

1927 ஆகஸ்ட் 4ஆம் நாள், டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டல் நகரில், விக்டர் நிறுவனத்திற்காக ரால்ஃப் பியர் என்பவர் அவரைப் பதிவு செய்தார். உடன் வாசிக்க வந்த குழு, யார் பெயரை முன்னால் போடுவது என்ற பிணக்கில் பிரிந்துபோயிற்று. எனவே தனியாளாகக் கிதாருடன் பாடினார். (அந்தப் பிணக்கிற்கு இசையுலகம் நன்றி சொல்ல வேண்டும்.) அவ்வாண்டின் இறுதியில் பதிவான முதல் ‘புளூ யோடல்’ நாடெங்கும் பரவியது. கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டோடு, குரலைச் சட்டென்று உடைத்து உச்சிக்கு ஏற்றும் யோடல் முறையை அவர் இணைத்திருந்தார்.

ஆறாண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். கைதி, நாடோடி, வேலையிழந்தவன், காதலியால் கைவிடப்பட்டவன் ஆகியோரே அவற்றின் மாந்தர். 1931இல் தம் காசநோயையே பாட்டாக்கினார். நோயின் பெயரை வெளியில் சொல்லவே குடும்பங்கள் கூசிய காலம் அது. இரக்கம் வேண்டி அவர் பாடவில்லை. சாவைப் பக்கத்து இருக்கைப் பயணிபோல் நடத்தினார். கேட்டவர்கள் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டது அந்த நேர்மைக்காகவே எனலாம்.

1933 மே மாதம் நியூயார்க்கில் இறுதிப் பதிவு நடந்தது. ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் இடையே படுத்து இளைப்பாற ஒரு கட்டில் போட்டிருந்தனர். 24ஆம் நாள் பாடி முடித்தார். 26ஆம் நாள் இறந்தார். வயது 35. உடலை ஏற்றிவந்த ரயில், மெரிடியனை நெருங்குகையில் தாழ்ந்த குரலில் ஊதிக்கொண்டே வந்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

அவரை நேரில் காணாதவர் டெக்சாஸ் இளைஞர் எர்னஸ்ட் டப். அவர் ராட்ஜர்ஸின் மனைவி கேரியைத் தேடிச் சென்றார். கேரி, கணவரின் கிதாரையே அவர் கையில் கொடுத்தார். அதன் பின்புறத்தில் ‘நன்றி’ என்னும் சொல் எழுதப்பட்டிருக்கும். பாட்டு முடிந்ததும் ராட்ஜர்ஸ் அதைத் திருப்பி அவைக்குக் காட்டுவார். டப் முதலில் குருவைப் போலவே பாட முயன்றார். 1939இல் தொண்டையில் செய்த அறுவையால் யோடல் பாடும் ஆற்றல் போயிற்று. அதன்பிறகே அவர் தமக்கென்று ஒரு பாணியைக் கண்டார். கனடாவின் ஹாங்க் ஸ்னோவோ தம் மகனுக்கே ஜிம்மி ராட்ஜர்ஸ் என்று பெயரிட்டார். இவ்விருவரும் முன்னின்று 1953 மே 26இல் மெரிடியனில் நினைவுச் சின்னம் திறக்கச் செய்தனர்.

இவ்வன்பில் ஒரு குறையும் உண்டு. 1930இல் ‘புளூ யோடல் 9’ பதிவின்போது உடன் எக்காளம் ஊதியவர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். பியானோ வாசித்தவர் அவர் துணைவியார் லில். இசைத்தட்டில் இருவர் பெயரும் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துப் பாட்டைக் கொடுத்த தொழிலாளர்களின் பெயர்களோ எங்குமே இல்லை. ராட்ஜர்ஸுக்கு 1961இல் கண்ட்ரி இசைப் பெருமன்றத்தின் முதல் மூவருள் ஓர் இடமும், 1978இல் அஞ்சல்தலையும் கிடைத்தன.

கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் அவர் குரல் கிராமபோன் வழியே சென்றது. அவர்கள் நாவில் பெயர் ‘செமிரோச்சா’ என்றாயிற்று. 1950இல் ஹியூ டிரேசி அங்குச் சென்று பதிவு செய்தபோது, செமிரோச்சாவைப் பாதி மனிதனாகவும் பாதி மானாகவும் கருதி இளம்பெண்கள் பாடினர். பதினேழு ஆண்டுகளுக்குமுன் கட்டிலில் படுத்துப் படுத்துப் பாடி மாண்டவரை, எழுந்து துள்ளி ஆட வருமாறு அவர்கள் அழைத்தார்கள்.