எந்த ஊருக்கு வண்டி ஏறுவது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



உள்ளே வரும்போது கடைசி வருட மாணவர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, படிப்பு முடிஞ்சதும் சென்னைக்குப் போகட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா?" எனக்குப் பட்டென்று பதில் வரவில்லை. எழுதி வந்த பேச்சைப் பையிலேயே வைத்துவிட்டு அதைப் பற்றியே பேசுகிறேன்.

நான் போனவன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், படிப்பு ராஜபாளையம். டிகிரி வாங்கிய கையோடு சென்னைக்கு ரயில் ஏறினேன். ஏன்? கூடப் படித்தவன் ஏறினான், நானும் ஏறினேன். அவ்வளவுதான். இங்கே என்ன வேலை இருக்கிறது என்று ஒருநாளாவது சுற்றிப் பார்த்தேனா? இல்லை.

வேலை இருந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-லேயே இந்த ஊரில் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியவர். பின்னால் சிமெண்ட் தொழிலிலும் இறங்கினார். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். என் வகுப்புத் தோழன் அங்கே நாலு தறி வாடகைக்குப் பிடித்தபோது, "டிகிரி படிச்சுட்டுத் தறியா?" என்று சிரித்தோம். இன்று வெளிமாநில ஆஸ்பத்திரிகளுக்குச் சரக்கு அனுப்புகிறான். ஆனால் நூல் விலை ஏறுகிற மாதம் அவனுக்கு ராத்தூக்கம் கிடையாது. ஊரோடு இருப்பது சுகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னையில் பேப்பரில் படித்துவிட்டு, பெருமையாக அம்மாவுக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் சரிப்பா, நீ எப்ப வாரே?" என்றார்.

போவது தப்பென்று சொல்லவில்லை. பூ.ச. குமாரசாமி ராஜாவும் போனவர்தான். 1949 முதல் 1952 வரை சென்னையில் முதலமைச்சர், பிறகு ஒரிசா கவர்னர். ஆனால் ராஜபாளையத்தில் தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். நான் ஊருக்குக் கொடுத்தது? வருஷத்தில் பொங்கலுக்கு மூணு நாள், தீபாவளிக்கு மூணு நாள்.

தம்பி, டிக்கெட் எடுக்குமுன் ஒரு வாரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சத்திரப்பட்டி, மில், பால் சொசைட்டி என்று ஒரு சுற்றுச் சுற்றி வா. சென்னைச் சம்பளத்தில் ரூம் வாடகை, சாப்பாடு, பஸ் செலவு போக மிச்சம் எவ்வளவு என்று தாளில் எழுதிப் பார். அதற்கப்புறமும் சென்னைதான் என்று பட்டால் தாராளமாகப் போ.

எனக்கு இன்று ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ். அம்மா இந்நேரம் இட்லிப் பொட்டலம் கட்டி வைத்திருப்பார்.