எங்கே பிரிப்பது?

பெரிய வேலையைப் பகுதிகளாகப் பிரித்தால் அது எளிதாகும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், எந்த இடத்திற் பிரிப்பது? கணினிக்குரிய செய்நிரல்களை வகுப்போரை நெடுநாள் மயக்கிய வினா இது. இதற்குத் தெளிவான விடையொன்றை 1972ஆம் ஆண்டில் டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞர் ஒரு கட்டுரையில் எடுத்துரைத்தார்.

அவர் காட்டிய உதாரணம் மிகச் சிறியது. ஒரு வரியின் முதற்சொல்லை எடுத்து ஈற்றில் வைத்தால் வேறொரு வரி பிறக்கும். இங்ஙனம் சுழற்றிப் பெற்ற வரிகள் அனைத்தையும் அகரவரிசையில் அடுக்கித் தருதல் வேண்டும். நேயர்கள் இவ்வேலையை மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். வரிகளை வாங்குதல், சுழற்றுதல், அடுக்குதல், அச்சிடுதல் என நால்வகையாகப் பிரிப்பதே இயல்பாகத் தோன்றும். ஆனால், வரிகள் கணினியின் நினைவகத்தில் எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன என்பதை இப்பகுதிகள் யாவும் அறிந்திருத்தல் வேண்டும். அம்முறையை மாற்றினால் எல்லாவற்றையும் திருத்த நேரிடும்.

பார்னாஸ் கூறிய வழி வேறு. பிற்காலத்தில் மாறக்கூடிய தீர்மானம் எதுவோ, அதனை ஒரு பகுதியினுள் மறைத்து வைத்தல் வேண்டும். வரிகளைச் சேமிப்பது ஒரு பகுதியின் பொறுப்பு. ஏனையவை அதனிடம் கேட்டுப் பெறுமேயன்றி, அதனுள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே, சேமிக்கும் முறை மாறினும் திருத்தம் அப்பகுதியோடு நின்றுவிடும்.

இதன் பெறுமதியை 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகம் நன்குணர்ந்தது. நினைவகம் அருமையாயிருந்த நாட்களில், 1965 என்பதை 65 என்று சுருக்கி எழுதினர். ஈற்றிலக்கங்கள் 00 ஆனதும், அது 1900ஆ 2000ஆ என்று கணினிக்கு விளங்காது. வங்கிக் கணக்கு, காப்புறுதி, சம்பளப் பட்டியல் எங்கும் இச்சுருக்கம் பரவியிருந்தமையால், பழைய செய்நிரல்களை வரிவரியாகத் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. ஈரிலக்கத்தாற் சிக்கனம் செய்தது அன்றைய தேவை. அத்தீர்மானத்தை ஓரிடத்தில் அடக்காது எங்கும் சிதறவிட்டதே பெருஞ்செலவை விளைத்தது.

ஆதலின், செய்நிரலை வகுப்போர் தாளில் முதற்கோடு வரையும்போதே, முன்னர் நடப்பது எது, பின்னர் நடப்பது எது என்று கேட்பதோடு அமைதல் போதாது. நாளை மாறக்கூடியது எது என்று கேட்டல் வேண்டும். பிரிக்க வேண்டிய இடத்தை அவ்வினாவே காட்டிவிடும்.