மூன்று உறைகள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு தின்பண்டம். வடிகட்டிய தயிரோடு வெல்லமும் பழமும் சேர்த்து, எலுமிச்சம்பழ அளவில் உருட்டி, குளிரில் இறுகவைத்து, மேலே சாக்லேட் போர்த்திய பண்டம் அது. அதை அடுப்பிலிட்டுச் சுடவேண்டியதில்லை. எண்ணெயில் பொரிக்கவும் வேண்டியதில்லை. தஞ்சைச் சீமையில் கத்திரி வெயில் காயும் கோடை விடுமுறையில், வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருந்தால், நீங்களே இதைச் செய்துவிடலாம்.

ஒரு தின்பண்டத்தைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பால் தயிராவதை நாம் உறைதல் என்கிறோம். நீர் பனிக்கட்டியாவதையும் உறைதல் என்றே சொல்கிறோம். ஒன்றின்மேல் போர்த்தியிருப்பதையும் உறை என்கிறோம். இந்த மூன்று உறைகளும் இந்தச் சிறு உருண்டைக்குள் அடங்கியிருக்கின்றன. சொல் ஒன்றாயிருப்பதால் செயலும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. முதல் உறை, உயிர்கள் செய்யும் வேலை. இரண்டாம் உறை, அந்த வேலையை நிறுத்திவைப்பது. மூன்றாம் உறை, வெறும் போர்வை. இந்த வேறுபாட்டை அறிந்து செய்தால் பண்டம் சுவைக்கும். அறியாமற் செய்தால் உடல்நலத்துக்கே இடர் விளையலாம். ஆகவேதான் இதைப் பற்றிப் பேச முன்வந்தேன்.

முதலில் தயிர். காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டு, இரவு மூடிவைத்தால் காலையில் தயிராகிறது. உறைமோரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. அவை பாலில் உள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் மிதந்துகொண்டிருந்த கேசீன் என்னும் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் ஆகிறது. நீரும் கொழுப்பும் அவ்வலையில் சிக்கிக்கொள்கின்றன. அதுவே தயிர். 1905ஆம் ஆண்டில் பல்கேரிய நாட்டு மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ், தம் நாட்டுத் தயிரில் உள்ள நுண்ணுயிர் ஒன்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அதன் பெயர் அறியாமலே அதன் குணம் அறிந்தவர்கள் நம் வீட்டுப் பெண்மணிகள். கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றவேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. அந்தச் சூடு ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். மார்கழியில் உறைமோரைச் சற்றுக் கூட்டி, பாத்திரத்தை அரிசிப் பானைக்குள்ளோ வைக்கோலுக்குள்ளோ பொதிந்துவைப்பார்கள். சித்திரையில் உறைமோரைக் குறைப்பார்கள். பருவத்துக்கு ஏற்ப அளவை மாற்றும் இந்த அறிவு, ஆய்வுக்கூடத்து அறிவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

தயிரின் புளிப்பு அதற்கு ஒரு காவலும் ஆகும். கேடு செய்யும் கிருமிகளில் பல, புளிப்பு மிகுந்த இடத்தில் எளிதில் பெருகுவதில்லை. பாலைக் காட்டிலும் தயிரும் மோரும் நம் வெப்ப நாட்டில் நிலைத்து நின்றமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், அது குறைபாடற்ற காவல் அன்று என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, தயிரை அப்படியே உறையவைத்தால் என்ன ஆகும்? தயிரில் பெரும்பகுதி நீரே. அந்நீர் ஊசி ஊசியான பனிக்கட்டியாகிப் பல்லில் கரகரக்கும். நீரைக் குறைப்பதற்கான வழி நமக்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1855 வரை தஞ்சையில் அரசுரிமை பெற்றிருந்த மராட்டியரின் தாய்நாட்டில், ஸ்ரீகண்டம் என்று ஓர் இனிப்பு உண்டு. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்தபின் எஞ்சும் கெட்டித் தயிரில் சர்க்கரையும் ஏலக்காயும் குங்குமப்பூவும் சேர்த்துச் செய்வது அது. நம் பண்டத்துக்கும் அதுவே முதற்படி. வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய அது மிகவும் ஏற்றது.

அடுத்தது இரண்டாம் உறை. குளிரை விரும்பியபோது பெறுவது இன்று எளிது. முன்னாளில் அது செல்வர்க்கு மட்டுமே கிட்டிய பொருள். அமெரிக்க நாட்டு வணிகர் பிரெடெரிக் டியூடர், பாஸ்டன் நகரின் சுற்றுப்புற ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்தில் ஒரு பகுதி உருகிப்போக, எஞ்சியது நல்ல விலைக்கு விற்றது. சென்னையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமித்துவைக்க 1842இல் கடற்கரையோரம் ஒரு கட்டடம் எழுந்தது. அதுவே ஐஸ் ஹவுஸ். இந்தியாவிலேயே பனிக்கட்டி செய்யும் ஆலைகள் வந்தபின் அவ்வணிகம் ஓய்ந்தது. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறை, ஏறத்தாழ 18 டிகிரி செல்சியஸ் பூச்சியத்துக்குக் கீழே நிற்கிறது. அங்கே வைத்த தயிர் உருண்டையில் உள்ள நீர் மெல்ல மெல்லக் கட்டியாகிறது. வெல்லம் கலந்திருப்பதால் நீர் முழுவதும் ஒருசேரக் கட்டியாவதில்லை. இனிப்புக் கரைந்த நீர் உறைவதற்கு மேலும் குளிர் வேண்டும். ஆகவே உருண்டை கல்லாகாமல் கடிக்கத்தக்கதாக இருக்கிறது. இனிப்பு இங்கே சுவைக்கு மட்டும் அன்று, மென்மைக்கும் உரியது என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, சாக்லேட் போர்வை. குளிர்ந்த பண்டத்தின்மேல் சாக்லேட் ஒட்டாமல் வழுக்கிப்போவது தொடக்கத்தில் பெருந்தொல்லையாக இருந்தது. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து ஒனாவா என்னும் சிற்றூரில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர் கிறிஸ்டியன் கென்ட் நெல்சன். 1920ஆம் ஆண்டில் அவர் கடைக்கு வந்த ஒரு சிறுவன், கையிலிருந்த காசுக்கு ஐஸ்கிரீம் வாங்குவதா, சாக்லேட் வாங்குவதா என்று முடிவு செய்யமுடியாமல் தவித்தானாம். இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமே என்று நெல்சன் பலமுறை முயன்றார். சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெயை ஏற்ற அளவில் சேர்த்தால் அது ஐஸ்கிரீமில் ஒட்டி நிற்கும் என்று கண்டார். 1922இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக நம் தஞ்சைத் தென்னந்தோப்பு தருவது தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரி அளவில் கட்டியாகும். மார்கழி விடியற்காலையில் புட்டியிலேயே அது வெண்மையாக இறுகிக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உருகிய சாக்லேட்டில் அதைச் சிறிது கலந்தால் குழம்பு நெகிழ்கிறது. உறைந்த உருண்டையைத் தொட்டவுடன் மெல்லிய ஓடாக இறுகுகிறது. சாக்லேட்டை உருக்க நெருப்பும் தேவையில்லை. அது உருகுவது ஏறத்தாழ 34 டிகிரியில். நம் கத்திரி வெயிலோ அதற்கு மேற்பட்டது. மூடிய பாத்திரத்தில் முற்றத்து வெயிலில் வைத்தாலே போதும். மற்ற நாட்களில் வெந்நீரின்மேல் கிண்ணத்தை வைத்து உருக்கலாம். ஆனால் ஒரு துளி நீரும் அதில் விழலாகாது. சாக்லேட்டில் உள்ள சர்க்கரைத் துகள்கள் அந்நீரை ஈர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழம்பு மணல்போல் திரிந்துவிடும்.

இப்போது செய்முறையை வரிசையாகச் சொல்கிறேன். காய்ச்சிய பாலில் தோய்த்த கெட்டித் தயிர் ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிநீரில் இட்டு உலர்த்திய மல் துணியில் கட்டி, குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே ஒரு வடிதட்டின்மேல் ஓர் இரவு வையுங்கள். வெளியே தொங்கவிட்டால் கோடையில் புளிப்பு மிஞ்சிவிடும். காலையில் அளவு பாதியாகச் சுருங்கியிருக்கும். அதில் 100 கிராம் தூள் வெல்லமும், கழுவித் தோலுரித்து நறுக்கிய வாழைப்பழமோ மாம்பழமோ ஒரு கிண்ணமும், சிறிது ஏலத்தூளும் சேர்த்துப் பிசையுங்கள். எண்ணெய்த் தாள் விரித்த தட்டில் கரண்டியால் சிறு சிறு உருண்டைகளாக வைத்து, நான்கு மணி நேரம் உறையவிடுங்கள். 200 கிராம் சாக்லேட்டை இரண்டு கரண்டித் தேங்காய் எண்ணெயோடு உருக்கி, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். உருண்டைகளை ஒவ்வொன்றாக முள்கரண்டியால் எடுத்து, மேலே படிந்த பனித்துகளைத் தட்டிவிட்டு, ஒரு முறை முக்கி உடனே எடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் போர்வை இறுகிவிடும். மீண்டும் உறைநிலை அறையில் வைத்து, உண்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக வெளியே எடுங்கள். மேலே ஓடு முறியும். உள்ளே தயிர் குழையும்.

நான் முன்பே சொன்ன இடருக்கு இனி வருகிறேன். குளிர் பட்டால் கிருமிகள் மடிந்துவிடும் என்று பலரும் நம்புகின்றனர். அது உண்மையன்று. கொதிக்கும் வெப்பம் கிருமிகளைக் கொல்லும்; குளிர் அவற்றை உறங்கவைக்கும், அவ்வளவே. தயிரின் நல்ல நுண்ணுயிர்களில் பல உறைநிலையிலும் உயிர்வைத்திருக்கின்றன. அது நமக்கு நன்மை. ஆனால் கழுவாத கையிலிருந்தும் அழுக்குத் துணியிலிருந்தும் வந்த கிருமிகளும் அவ்வாறே உயிர்வைத்திருக்கும். அமெரிக்காவில் ஐஸ்கிரீம் வழியாக லிஸ்டீரியா என்னும் கிருமி பரவி, 10 பேர் நோயுற்றது 2015ஆம் ஆண்டில் தெரியவந்தது. அவர்களுள் 3 பேர் உயிரிழந்தனர். பெரிய ஆலையில், கடுங்குளிரில் செய்த பண்டத்திலேயே இது நேர்ந்தது. பண்டத்தைச் சுடாமல் செய்கிறோம் என்றால், கிருமியைக் கொல்லும் கடைசி வாய்ப்பையும் விட்டுவிடுகிறோம் என்பது பொருள். ஆகவே பாலைக் காய்ச்சுவதும், கையைக் கழுவுவதும், துணியைக் கொதிநீரில் இடுவதும் சடங்குகள் அல்ல. இந்தப் பண்டத்தின் அடுப்பே அவைதான்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். குளிர் மின்சாரத்தை நம்பி நிற்பது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டாவின் ஊர்கள் பல நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாட்களில் உறைநிலை அறை வெறும் பெட்டியாகிறது; உறங்கிய கிருமிகள் விழிக்கின்றன. உருகி வெப்பமேறிக் கிடந்ததை மீண்டும் உறையவைத்து உண்ணலாகாது. அது பார்வைக்குப் பழையபடியே இருக்கும். உள்ளே பழையபடி இராது. ஆனால் அந்த இருளிலும், பாலும் ஒரு கரண்டி உறைமோரும் இருந்த வீட்டில் தயிர் உறைந்தது. முதல் உறைக்கு மின்சாரம் வேண்டியதில்லை.

அதே புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. தென்னையின் நிழலில் ஊடுபயிராக வளரத்தக்கது கொக்கோ மரம். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது; தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளிலும் அது காய்க்கிறது. காயை உடைத்து விதையைச் சில நாள் புளிக்கவைத்தால்தான் சாக்லேட்டின் மணம் பிறக்கும். அங்கும் வேலை செய்வன நுண்ணுயிர்களே. தஞ்சையில் நெல்லைப் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்காகத் தொடங்கி, பின்னர் எல்லா உணவுப் பொருள்களுக்கும் விரிந்து, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஒன்றும் புதுக்கோட்டைச் சாலையில் உள்ளது. விளைந்ததை விளைந்தபடியே விற்றால் உழவர்க்குக் கிடைப்பது சிறிது. பதப்படுத்தி விற்றால் கிடைப்பது பெரிது. பாலும் வெல்லமும் வாழையும் தென்னையும் நிறைந்த இந்நாட்டில், உங்களுள் சிலர் இந்தச் சமையலறை வேலையைத் தொழிலாகவே கற்கலாம்.

அது பின்னால் ஆகட்டும். இந்த விடுமுறையில் உருண்டைகளைச் செய்யுங்கள். செய்யும்போது வீட்டில் மூத்தவர்களிடம், இந்த மாதத்தில் ஒரு படி பாலுக்கு எவ்வளவு உறைமோர் விடவேண்டும் என்று கேளுங்கள். எந்தப் பெட்டியின் மேலும் எழுதப்படாத கணக்கு அது. கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.